நிற்கச் சொல்வது காலா, மூளையா?

வேல்ஸில் உள்ள பாங்கர் பல்கலைக்கழகத்தின் சோதனைக்கூடத்தில் பத்து ரக்பி வீரர்களை உடற்பயிற்சி சைக்கிளில் ஏற்றினார்கள். முதலில் ஐந்தே விநாடி, உடம்பில் உள்ள பலத்தையெல்லாம் திரட்டி மிதிக்கச் சொன்னார்கள். சராசரியாக 1,075 வாட் வந்தது. அதன் பிறகுதான் அசல் சோதனை. பெடலின் சுமை சராசரியாக 242 வாட்டில் நிறுத்தப்பட்டது. முடிகிற வரைக்கும் மிதிக்க வேண்டும். ஏறக்குறைய பத்து நிமிடத்தில் ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள். உற்சாகப்படுத்திக் கத்தியும் பலனில்லை, பெடல் வேகம் விழுந்துகொண்டே போய் நின்றது. இறங்கவிடவில்லை. சில விநாடிகளுக்குள், இன்னொரு முறை ஐந்து விநாடி முழுப் பலத்தோடு மிதிக்கச் சொன்னார்கள்.

731 வாட் வந்தது.

242 வாட்டை இனி ஒரு நொடியும் தாங்க முடியாது என்று நின்றுபோன அதே கால்கள், மூச்சு வாங்கி முடிப்பதற்குள், அதைப்போல் மூன்று மடங்கு பலத்தைக் கொடுத்தன. சாமுவேலே மார்கோரா, வால்ட்டர் ஸ்டாயானோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட முடிவு இது. தசை தீர்ந்துபோனதால்தான் மனிதன் நிற்கிறான் என்றால், அந்த 731 வாட் எங்கிருந்து வந்தது?

உடற்பயிற்சி அறிவியலில் முப்பது வருடமாக நடக்கும் பெரிய சண்டை இந்தக் கேள்வியைச் சுற்றித்தான். களைப்பு உடம்பின் கணக்கா, மூளையின் தீர்ப்பா? மூளையின் தீர்ப்பு என்ற பக்கம் இன்று வலுவாக நிற்கிறது. என் வாசிப்பிலும் சான்றுகள் அந்தப் பக்கமே அதிகம் சாய்கின்றன. ஆனால் அந்த முடிவை எடுத்துக்கொண்டு, ‘எல்லாம் மனசுலதான்பா இருக்கு, ஓடு’ என்று மைதானத்தில் பிள்ளைகளை விரட்டுகிறவர்கள் அதைத் தலைகீழாகப் படித்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காகவும்தான்.

தவளைக்கால் சொன்ன கதை

நம்மில் பெரும்பாலோர் பள்ளியில் படித்ததும், ஜிம் பயிற்சியாளர் சொல்லிக் கேட்டதும் ஒரே கதைதான்: வேகமாக ஓடினால் ஆக்சிஜன் போதாது, தசையில் லாக்டிக் அமிலம் சேரும், அமிலம் சேர்ந்தால் கால் நின்றுவிடும். இந்தக் கதை 1907-ல் கேம்பிரிட்ஜில் வெட்டியெடுத்த தவளைத் தசைகளிலிருந்து தொடங்கியது. ஃப்ளெட்சர், ஹாப்கின்ஸ் என்ற இருவர் ஆக்சிஜன் இல்லாமல் அந்தத் தசைகளைச் சுருங்கவைத்துக் களைக்கச் செய்தபோது, லாக்டிக் அமிலம் குவிவதைக் கண்டார்கள். அதை உயிருள்ள மனிதர்களிடம் கொண்டுவந்தவர் ஏ.வி. ஹில். தசையில் வெப்பம் உண்டாகும் விதத்தை ஆராய்ந்ததற்காக 1922-ம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இவரே முதுகில் ஒரு பெரிய காற்றுப் பையைக் கட்டிக்கொண்டு புல்வெளியைச் சுற்றிச் சுற்றி ஓடினார். வெளிவிட்ட மூச்சு முழுவதையும் பையில் பிடித்து அளந்தார். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஓர் இடத்துக்கு மேல் உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு ஏறுவதில்லை என்று கண்டார். இன்று கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் ‘விஓ2 மேக்ஸ்’ என்று காட்டும் எண்ணின் மூலம் அதுதான்.

அந்த அளவீடு இன்றும் செல்லும். லாக்டிக் அமிலத்தின் மேல் போட்ட பழிதான் செல்லவில்லை. தசையில் உருவாகும் லாக்டேட்டை மற்ற தசைகளும் இதயமும் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன என்பதைக் கலிஃபோர்னியாவின் ஜார்ஜ் புரூக்ஸும் அவரைத் தொடர்ந்தவர்களும் காட்டிவிட்டார்கள். கடும் பயிற்சிக்கு மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் தொடை வலிக்கிறதே, அதற்கும் லாக்டேட்டுக்கும் சம்பந்தமில்லை. பயிற்சி முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் அது பழைய அளவுக்கு வந்துவிடும்.

ஹில்லுக்கும் முன்னால் இத்தாலியின் தூரின் நகரத்தில் ஆஞ்சலோ மோஸ்ஸோ வேறொரு வாசலைத் திறந்திருந்தார். நடுவிரலில் எடையைக் கட்டித் தூக்கவைத்து, விரல் ஓய்வதைக் கோடாக வரையும் கருவி ஒன்றை அவர் செய்தார். பேராசிரியர் ஒருவரை, மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்துவதற்கு முன்னும் பின்னும் அந்தக் கருவியில் உட்காரவைத்தார். மணிக்கணக்கில் கேள்வி கேட்டதைத் தவிர வேறு வேலை செய்யாத அந்த மனிதரின் விரல், தேர்வுக்குப் பின் சீக்கிரமே ஓய்ந்தது. தலைக்கு வந்த களைப்பு விரலுக்கு எப்படிப் போனது? 1891-ல் களைப்பைப் பற்றி மோஸ்ஸோ எழுதிய புத்தகத்தில் இருந்த இந்தக் கேள்வியை, தசை ஆய்வின் வெற்றிகளுக்கு நடுவே உலகம் நூறு ஆண்டுகள் ஓரமாக வைத்துவிட்டது.

கடைசிச் சுற்றின் புதிர்

அதை மறுபடியும் மேசைக்குக் கொண்டுவந்தவர் தென்னாப்பிரிக்காவின் டிம் நோக்ஸ். மருத்துவர், தொலைதூர ஓட்டக்காரர். 1996-ல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் மேடையில், அங்கே கூடியிருந்தவர்கள் நம்பிவந்த அடிப்படையையே அவர் கேள்வி கேட்டார். ஆக்சிஜன் போதாமல்தான் ஓட்டக்காரர் நிற்கிறார் என்றால், முதலில் தவிக்க வேண்டியது இதயம் அல்லவா? ஆரோக்கியமான ஓட்டக்காரர் யாருக்கும் ஓட்ட முடிவில் நெஞ்சு வலிப்பதில்லையே? அப்படியானால், ஆபத்து வருவதற்கு முன்பே யாரோ வேகத்தைக் குறைக்கிறார்கள். அந்த யாரோ, மூளை. அதற்கு ‘மையக் கட்டுப்பாட்டாளர்’ என்று பெயர் வைத்தார். பைக்கில் பெட்ரோல் முற்றும் தீர்வதற்கு முன்பே ரிசர்வுக்கு வந்துவிடுவதைப்போல, உடம்பு முழுதாகத் தீர்வதற்கு முன்பே களைப்பு வந்து எச்சரிக்கிறது என்பது அவர் வாதம்.

அவர் குழு எடுத்துக்காட்டிய சான்றுகளில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது ஒரு மைல் ஓட்டத்தின் உலக சாதனைப் பட்டியல். நான்கு சுற்று ஓட்டம் அது. 32 சாதனை ஓட்டங்களைச் சுற்றுவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். தசை படிப்படியாகத் தீர்ந்துகொண்டு வருகிறது என்றால் கடைசிச் சுற்றுதான் எப்போதும் மிக மெதுவாக இருக்க வேண்டும். அப்படி இருந்தது இரண்டே ஓட்டங்களில். மற்றவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இரண்டாவது அல்லது மூன்றாவது சுற்றுதான் மந்தம். முடிவுக்கோடு கண்ணில் பட்டதும், இல்லை என்று நினைத்த வேகம் வந்துவிடுகிறது. மைதானத்தில் ஓடியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த அனுபவம்தான். ஆனால் உலகத்திலேயே மிக வேகமாக ஓடியவர்களுக்கும், தங்கள் வாழ்நாளின் உச்ச ஓட்டத்திலும்கூட இதுதான் நடந்திருக்கிறது.

வெயிலில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ராஸ் டக்கர் என்ற நோக்ஸின் மாணவர், சைக்கிள் வீரர்களை 15 டிகிரியிலும் 35 டிகிரியிலும் 20 கிலோமீட்டர் ஓட்டவைத்தார். வெப்பத்தில் அவர்களின் வேகம் ஆரம்பக் கட்டத்திலேயே குறையத் தொடங்கியது. உடலின் உள்வெப்பம் இரண்டு நாளும் ஒன்றாகவே இருந்த கட்டம் அது. உடம்பு சூடேறியதால் அவர்கள் மெதுவாகவில்லை. சூடேறிவிடாமல் இருப்பதற்காக மெதுவானார்கள். அப்படி முடிவெடுத்தது தெரியாமலேயே எடுத்தார்கள். 2012-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் அறையின் வெப்பம் 31 டிகிரிக்கு மேல் இருக்க, தெர்மாமீட்டர் 26 என்று பொய் காட்டும்படி செய்தார்கள். அந்தப் பொய்யை நம்பி ஓட்டியவர்கள், குளிர்ந்த அறையில் ஓட்டிய அளவுக்கே ஓட்டினார்கள்.

பர்மிங்காமில் நடந்த சர்க்கரைச் சோதனை இதைவிட விசித்திரமானது. ஒரு மணி நேரம் கடுமையாக சைக்கிள் ஓட்டுகிறவர்களின் ரத்தக்குழாயில் குளுக்கோஸை நேராக ஏற்றிப் பார்த்தார்கள். ஓட்டத்தில் எந்த முன்னேற்றமும் இல்லை. அடுத்து, 2004-ல், ஒன்பது பேருக்கு மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துக் கரைசலைக் கொடுத்து, ஐந்து விநாடி வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். ஒரு சொட்டுகூட விழுங்கக் கூடாது. வெறும் நீரைக் கொப்பளித்த நாளில் சராசரியாக 61 நிமிடத்துக்கு மேல் எடுத்த தூரத்தை, இந்த முறை 60 நிமிடத்துக்குள் முடித்தார்கள். ரத்தத்தில் ஏறிய சர்க்கரை செய்யாததை, வாயில் பட்டுப்போன மாவுச்சத்து செய்தது! மால்ட்டோடெக்ஸ்ட்ரினுக்கு இனிப்பே கிடையாது என்பதால் நாக்கின் ருசி காரணமில்லை. 2009-ல் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, குளுக்கோஸும் மால்ட்டோடெக்ஸ்ட்ரினும் வாயில் பட்டாலே மூளையில் வெகுமதி உணர்வோடு தொடர்புடைய பகுதிகள் விழித்தெழுவது தெரிந்தது. இனிப்பு மட்டுமே உள்ள சாக்கரினுக்கு அந்தப் பகுதிகள் எழவில்லை. சாப்பாடு வருகிறது என்ற சேதி போதும், மூளை கையிருப்பைக் கொஞ்சம் தாராளமாகத் திறந்துவிடுகிறது.

ரயில் படமும் தொண்ணூறு நிமிடப் பரீட்சையும்

மார்கோரா நோக்ஸோடு முழுதாக உடன்படுகிறவர் அல்ல. மறைந்திருந்து பூட்டுப் போடும் ஒரு கட்டுப்பாட்டாளர் தேவையே இல்லை என்பார். ஓடுகிறவர் தெரிந்தேதான் நிற்கிறார். எவ்வளவு சிரமமாகத் தோன்றுகிறது, அந்த அளவு சிரமப்பட நான் தயாரா என்ற இரண்டே கேள்விகள்தான் தராசில் இருக்கின்றன. தோன்றும் சிரமம் கூடினால் சீக்கிரம் நிற்போம், குறைந்தால் தாமதமாக நிற்போம். 731 வாட் எங்கிருந்து வந்தது என்பதற்கும் அவரிடம் பதில் உண்டு: இன்னும் ஐந்தே விநாடிதான் என்று தெரிந்ததும், அந்தச் சிரமத்துக்கு அவர்கள் தயாரானார்கள்.

2009-ல் அவர் 16 பேரை வைத்துச் செய்த சோதனை, மோஸ்ஸோவின் பேராசிரியர் விரலுக்கு நூற்றாண்டு கழித்து வந்த பதில். ஒருநாள் அவர்களை 90 நிமிடம் கணினி முன் உட்காரவைத்து, திரையில் வந்துபோகும் எழுத்துகளைக் கவனித்துச் சரியான பொத்தானை அழுத்தும் சலிப்பூட்டும் வேலையைக் கொடுத்தார்கள். இன்னொரு நாள் அதே 90 நிமிடம் ஆவணப்படங்கள். ஒன்று ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் ரயிலைப் பற்றியது, மற்றொன்று ஃபெராரி கார்களைப் பற்றியது. இரண்டு நாளும் முடிவில் சைக்கிள் சோதனை. படம் பார்த்த நாளில் சராசரியாக 754 விநாடி தாக்குப்பிடித்தவர்கள், கணினி வேலை செய்த நாளில் 640 விநாடியில் ஓய்ந்துவிட்டார்கள். இதயத் துடிப்பிலும் ரத்த லாக்டேட்டிலும் அந்த வித்தியாசத்துக்கான விளக்கம் கிடைக்கவில்லை. மாறியது ஒன்றுதான், முதல் நிமிடத்திலிருந்தே சிரமம் கூடுதலாகத் தோன்றியது.

காவலர் தேர்வுக்குத் தயாராகும் நம் ஊர்ப் பிள்ளைகளை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பகலெல்லாம் எழுத்துத் தேர்வுக்கு மாதிரி வினாத்தாள் போட்டுவிட்டு, சாயங்காலம் 1,500 மீட்டர் ஓடிப் பார்த்து, நேரம் கூடிவிடவும் ‘உடம்பு தேறலையே’ என்று துவண்டுபோகிறார்கள். அன்றைக்குத் தேறாமல் போனது உடம்பாக இருக்கவேண்டியதில்லை. நேரம் குறித்து ஓடிப்பார்க்கும் நாளை, படிப்புச் சுமை இல்லாத காலைப் பொழுதுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

தோன்றும் சிரமத்தைக் குறைக்கவும் வழி தேடினார்கள். 2014-ல் வெளியான ஆய்வில் 24 பேர். பாதிப் பேருக்கு, ஓடும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் வாக்கியங்களைத் தேர்ந்தெடுக்கப் பயிற்சி கொடுத்தார்கள். இடைக்கட்டத்துக்கு இரண்டு, நல்லாத்தான் போய்க்கிட்டிருக்கு என்ற மாதிரி. ஓய்ந்துவிடும் கட்டத்துக்கு இரண்டு, இதைத் தாண்டிடு என்ற மாதிரி. வாக்கியத்தைப் பயிற்சியாளர் எழுதிக் கொடுக்கவில்லை, அவரவர் தாங்களே தேர்ந்தெடுத்தது. இரண்டு வாரத்தில் அவர்கள் தாக்குப்பிடித்த நேரம் 637 விநாடியிலிருந்து 750 விநாடிக்கு ஏறியது. மற்றவர்களிடம் அப்படி ஏற்றம் இல்லை.

வலியை அணைத்தால் என்ன ஆகும்?

இதுவரை படித்தவர்களுக்கு ஒரு ஆசை எழுவது இயல்பு. நிற்கச் சொல்லும் குரலை அடக்கிவிட்டால் மனிதனுக்கு எல்லையே இல்லையா? அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் மார்கஸ் அமான் குழுவினர், போட்டி சைக்கிள் வீரர்களின் இடுப்புத் தண்டுவடத்தில் ஃபென்டனில் என்ற மருந்தைச் செலுத்தினார்கள். காலுக்குப் போகும் கட்டளைகளை அது தடுக்காது. காலிலிருந்து மூளைக்கு வரும் வலி, எரிச்சல், களைப்புச் செய்திகளை மட்டும் மறித்துவிடும். பிறகு 5 கிலோமீட்டர் பந்தயம்.

வீரர்கள் பறந்தார்கள். முதல் பாதியில் வழக்கத்தைவிட வேகம், காலில் ஒரு உறுத்தலும் இல்லை. இரண்டாம் பாதியில் வேகம் சரிந்தது. காலைத் தாறுமாறாகச் செலவழித்திருந்தார்கள், அது அவர்களுக்கே தெரியவில்லை. மொத்த நேரத்தில் எந்த லாபமும் இல்லை. முடிந்ததும் சைக்கிளிலிருந்து தாமாக இறங்க முடியாமல், நடக்கத் தடுமாறி, மற்றவர்கள் பிடித்து இறக்க வேண்டியிருந்தது. வலி என்பது ஓட்டக்காரரின் பகைவன் என்று சொல்கிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய ஆய்வு இது. காலிலிருந்து நேர்மையான செய்தி வந்தால்தான் மூளையால் வேகத்தைப் பங்கிட்டுக் கொடுக்க முடியும். மூளைதான் முடிவெடுக்கிறது என்றால், கால் பொய் சொல்கிறது என்று அர்த்தமில்லை.

சோதனைக்கூடத்துக்கு வெளியே இதே சோதனை ஒரு உயிரைப் பறித்திருக்கிறது. 1967 ஜூலை 13. டூர் டி பிரான்ஸ் பந்தயம் மோன் வாண்டூ மலையில் ஏறிக்கொண்டிருந்தது. கொளுத்தும் வெயில். 1965-ன் உலக சாம்பியனான பிரிட்டன் வீரர் டாம் சிம்ப்சன், உச்சிக்குச் சற்று முன்னால் தள்ளாடி விழுந்தார். தூக்கி மறுபடியும் சைக்கிளில் ஏற்றிவிட்டார்கள். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் விழுந்தார், பிழைக்கவில்லை. வயது 29. உடலில் ஆம்ஃபெட்டமின் இருந்தது. களைப்பை மறக்கடிக்கும் மருந்து. நிற்கச் சொல்லும் குரல் அமுங்கியிருக்க, உடல் வெப்பத்தில் வெந்துகொண்டிருந்தது.

மருந்து வேண்டாம், வெறும் வார்த்தையே நிற்கத் தோன்றும் எல்லையை நகர்த்தும். கனடாவின் புரோக் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் சியூங் குழுவினர் 35 டிகிரி வெப்பத்தில் இதைச் சோதித்தார்கள். தனக்குத்தானே பேசிக்கொள்ளப் பயின்றவர்கள் முன்பு 8 நிமிடம் தாங்கியதை 11 நிமிடத்துக்கு இழுத்தார்கள். மகிழ்ச்சியான முடிவு போலத் தெரியும். ஆனால் ஓய்ந்து நின்றபோது அவர்களின் உள்வெப்பம் முன்பைவிட ஏறியிருந்தது. கவனமாகக் கண்காணிக்கும் ஆய்வுக்கூடத்தில் அது ஒரு அளவீடு. மே மாதத்து மூன்று மணி வெயிலில், ‘தண்ணி குடிச்சா சோம்பேறி ஆயிடுவே’ என்று சொல்லும் பயிற்சியாளரின் கையில் அதுவே ஆபத்து. நிற்கத் தோன்றும் உணர்வு உயிரைக் காக்க உண்டானது. அதைப் பயிற்சியால் கொஞ்சம் தள்ளிவைக்கலாம். அதை அவமானப்படுத்தக் கற்றுக்கொடுப்பது வேறு.

எத்தனை தூரம் நம்பலாம்?

இந்த ஆய்வுகளில் எத்தனை பேர் என்று மறுபடியும் பாருங்கள்: 10, 16, 9, 24. சிறிய எண்ணிக்கையில் கிடைக்கும் பெரிய வித்தியாசங்கள் அடுத்த கூடத்தில் சுருங்கிப்போவது அறிவியலில் சாதாரணம். மனவுறுதி என்பது பயன்படுத்தினால் தீர்ந்துபோகும் சரக்கு என்ற கருத்து உளவியலில் பல ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தது. 2016-ல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் அதைத் திரும்பச் சோதித்தபோது, விளைவு ஏறக்குறைய பூஜ்யம். மூளைக்களைப்பு ஆய்வுகளும் அந்தக் குடும்பத்துக்கு உறவுதான். சாதகமான முடிவுகளே அச்சேறும் பழக்கத்தால் இந்த எண்கள் ஊதிப்போயிருக்கக்கூடும் என்று எச்சரிக்கிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சை ஒதுக்கிவிடக் கூடாது.

அந்த 731 வாட்டுக்கும் மறுப்பு உண்டு. களைப்பதற்கு முன் 1,075 வாட் கொடுத்த கால், பத்து நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்கை இழந்திருக்கிறது. தசையும் களைத்துத்தான் இருக்கிறது. ஐந்து விநாடி வெடிப்புக்கும் தொடர்ந்து மிதிப்பதற்கும் தசைக்குள் நடக்கும் வேதியியல் வேறு வேறு என்பது எதிர்த்தரப்பின் வாதம். நியாயமான வாதம். மூளையா தசையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே தவறாக இருக்கலாம். தசையிலிருந்து செய்தி போகிறது, மூளை அதை எதிர்பார்ப்போடும் ஆசையோடும் பயத்தோடும் சேர்த்து எடை போடுகிறது.

அப்படியென்றால் பயிற்சியாளர்கள் இப்போதே கையில் எடுக்கக்கூடியது எது? ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க் உருவாக்கிய அளவுகோலைத்தான் நான் சொல்வேன். 6-ல் தொடங்கி 20-ல் முடியும் அளவுகோல் அது. நிமிடத்துக்கு 60 முதல் 200 வரையான இதயத் துடிப்பை மனதில் வைத்து அமைத்தது. 6 என்றால் சிரமமே இல்லை, 20 என்றால் இதற்குமேல் முடியாது. ஓடி முடித்த பிள்ளையிடம் ‘எத்தனை?’ என்று கேட்டுக் குறித்துக்கொள்வதுதான் முறை. தினமும் 12 என்று சொல்லும் அதே வேகத்துக்கு ஒருநாள் 16 என்று சொன்னால், விரட்டக் கூடாது, விசாரிக்க வேண்டும். காய்ச்சல் தொடங்குகிறதா, தூக்கம் போயிற்றா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா, மாதவிடாய் நாளா, பரீட்சை நெருங்குகிறதா?

பிள்ளை பொய் சொல்லும், ரத்தப் பரிசோதனை பொய் சொல்லாது என்று நினைப்பவர்களுக்காக ஒரு தகவல். ஆஸ்திரேலியாவின் அன்னா சா குழுவினர் 2016-ல் 56 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பயிற்சிச் சுமை உடம்பில் ஏறுவதையும் இறங்குவதையும் வீரர்கள் தாங்களே சொன்ன பதில்கள், ரத்தக் குறியீடுகளையும் இதயத் துடிப்பு அளவீடுகளையும்விட நுட்பமாகவும் நிலையாகவும் காட்டின. இதற்குக் கருவி தேவையில்லை, சோதனைக்கூடம் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், 16 என்று சொன்ன பிள்ளையைத் திட்டாத ஒரு பயிற்சியாளரும் போதும். எந்த அரசுப் பள்ளி மைதானத்திலும் நாளைக் காலையே தொடங்கலாம்.